ஐயமே ஆய்வின் முதல்: உ.வே.சா.வின் அரியலூர்க் கல்வியும் இன்றைய தற்சார்பு ஆய்வுப் பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வுக்கட்டுரை எழுதும் திறன் ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே கைவருவதா, ஆய்வாளர் தாமே பயின்று பெறக்கூடியதா என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. இதற்கு விடை காணும் பொருட்டு, இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் இளமைக் கல்வி பெற்ற உ.வே. சாமிநாதையர் (1855–1942), ஆசிரியர் வழிகாட்டல் கிட்டாத நிலையில் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த வரலாற்றைச் சான்றாகக் கொள்கிறது. தற்சார்பு என்பது பிறர் துணையின்றி இயங்குதல் அன்று. தமக்கு விளங்காததைத் துல்லியமாக வரையறுத்து, அதற்குரிய சான்றையும் சான்றோரையும் தாமே தேடிச் செல்லுதல் என்பது இக்கட்டுரையின் துணிபு. அவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் நெறிகள், பழுவேட்டரையர் கல்வெட்டுகள் பற்றிய ஒரு மாதிரி வினாவின்வழி இன்றைய ஆய்வாளருக்குப் பொருத்திக் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தற்சார்பு ஆய்வு, பாடங்கேட்டல், உ.வே.சா., சீவகசிந்தாமணி, ஐயக்குறிப்பு, பழுவேட்டரையர், ஆய்வறம்.

1. முன்னுரை

தமிழகத்துப் பல்கலைக்கழகங்களில் ஆய்வியல் நிறைஞர் பட்டப்படிப்பு நெடுங்காலம் ஆய்வுக்கான பயிற்சிக்களமாக விளங்கியது. முதுகலை முடித்த மாணவர் ஒரு சிறிய பொருளை எடுத்துக்கொண்டு, ஓராண்டுக் காலத்தில் தரவு தொகுத்து, வகைப்படுத்தி, இயல் பிரித்து எழுதிப் பார்க்கும் வாய்ப்பை அது வழங்கியது. அவ்வேட்டில் நேர்ந்த பிழைகள் முனைவர்ப் பட்ட ஆய்வுக்குப் பாடங்களாயின. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர்ப் பட்ட நெறிமுறைகள் அப்படிப்பை நிறுத்தின. நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 விழுக்காடு பெற்றவரும் நேரடியாக முனைவர்ப் பட்ட ஆய்வில் சேரலாம் என்றும் அவை வகுத்தன. ஆய்வேடு வழங்குவதற்கு முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் நீங்கியது.

இம்மாற்றங்களின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ஒன்று தெளிவு. முன்பு நிறுவனம் தந்த பயிற்சியின் ஒரு பகுதியை இனி ஆய்வாளர் தாமே தமக்கு அளித்துக்கொள்ள வேண்டியுள்ளது. பாடநெறிப் பணியாக வகுக்கப்பட்டுள்ள குறைந்தது பன்னிரண்டு தகுதிப்புள்ளிகள் ஆய்வின் இலக்கணத்தைக் கற்பிக்கலாம். பழக்கத்தை ஊட்டுவதற்கு அவை போதா. பெருநகர நூலகங்களுக்கு அண்மையில் வாழாத மாணவர்க்கு, குறிப்பாகத் தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வியை எட்டிய அரியலூர், பெரம்பலூர் போன்ற மாவட்டங்களின் மாணவர்க்கு, இச்சிக்கல் இன்னும் கூர்மையானது.

இந்நிலையில், ஆய்வு செய்வதைத் தாமே கற்றுக்கொண்ட ஒருவரின் வரலாறு பயன்தரும். அத்தகைய ஒருவரின் கல்வி இதே பகுதியில் தொடங்கியது என்பது தற்செயலே எனினும், பொருத்தமான தற்செயலாகும்.

2. சான்றுகளும் அவற்றின் எல்லையும்

உ.வே.சா.வின் கல்வி வரலாற்றுக்கு முதன்மைச் சான்று அவர் எழுதிய ‘என் சரித்திரம்’. அது 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தமையால் நிறைவுபெறாது நின்று, 1950இல் நூலாயிற்று. அதில் கூறப்படும் இளமை நிகழ்ச்சிகளுக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே எழுபதாண்டுக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. முதுமையில் இளமையை நினைந்து எழுதுபவர், தம் வாழ்வு இறுதியில் சென்றடைந்த இடத்தை முன்னரே அறிந்தவர். ஆதலின் தொடக்கத்து நிகழ்ச்சிகளை அம்முடிவை நோக்கிச் செல்லும் படிகளாகக் காண்பது இயல்பு.

எனவே அந்நூலைத் தனித்து நம்பாது, அவ்வக்காலத்தில் அவர் எழுதிய பதிப்பு முகவுரைகளோடும், அவருக்குப் பிறர் எழுதிய கடிதங்களோடும் ஒப்புநோக்குதல் வேண்டும். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துள்ள ‘உ.வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்’ இவ்வொப்பீட்டுக்குத் துணைநிற்கும். ஒரே செய்தியைத் தன்வரலாறு, முகவுரை, கடிதம் என்னும் மூவகைச் சான்றுகளில் வைத்து நோக்குவதே புதிய ஆய்வாளருக்கு மிகச் சிறந்த முதற்பயிற்சியாக அமையும். இக்கட்டுரை, தன்வரலாற்றுச் செய்திகளுள் பதிப்புகளின் அமைப்பாலும் உறுதிப்படுவனவற்றையே பெரிதும் எடுத்தாள்கிறது.

3. அரியலூர்க் கல்வி: பாடங்கேட்டல் மரபு

உ.வே.சா.வின் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லுநர். இராமாயணக் கதை நிகழ்த்தி வாழ்ந்தவர். உடையார்பாளையம் சமஸ்தானத்து வித்துவானாகிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். தம் மகனை நல்ல தமிழாசிரியரிடம் சேர்க்கும் விருப்பத்தோடு அவர் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அவ்வகையில் அரியலூரில் வாழ்ந்த காலத்தில் சடகோபையங்கார் ஆசிரியராக வாய்த்தார். தமிழிலும் இசையிலும் புலமை பெற்ற அவர், ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு அதன் நயங்களை விரித்துரைப்பதில் வல்லவர். தமிழின் சுவையைத் தமக்கு முதலில் உணர்த்தியவர் அவரே என உ.வே.சா. நன்றியோடு நினைவுகூர்கிறார்.

பின்னர்க் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணமும், கார்குடிக் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகையும் பாடங்கேட்டார். இவர்களுள் எவரும் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். சிற்றூர்களில் வாழ்ந்து, தாம் கற்றதைப் போற்றிக் காத்தவர்கள். ஒவ்வொருவரிடமும் சில நூல்களே இருந்தன. அந்நூல்கள் முடிந்ததும் மாணவர் அடுத்த ஊருக்குச் செல்ல வேண்டியிருந்தது.

1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபின், 1876இல் அவர் மறையும்வரை, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பல நூல்களை உ.வே.சா. கற்றார். இம்மரபின் வலிமையும் எல்லையும் ஒருங்கே கருதத்தக்கவை. நூலைச் சொல் விடாமல் படித்தல், நினைவிற் பதித்தல், ஓரிடத்தை மற்றோரிடத்தோடு இயைத்தல் ஆகிய திறன்கள் அதன் கொடை. ஆனால் அங்கு ஐயத்துக்கு விடை ஆசிரியரிடம் இருந்தது. நூலின் பொருள் வழிவழியாக வந்தது. அதனைப் புதிதாகக் கண்டறிய வேண்டிய தேவை மாணவர்க்குப் பெரிதும் எழவில்லை. வேறு சொற்களிற் கூறின், பாடங்கேட்டல் அவரைச் சிறந்த கற்றவராக்கியது, ஆய்வாளராக்கவில்லை.

4. 1880: ஆசிரியரில்லாத நூல்

தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் 1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உ.வே.சா. தமிழாசிரியர் ஆனார். அவ்வாண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களை அவர் வரிசையாகச் சொல்ல, முதலியார் அவற்றால் வியப்படையாது, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என வினவினார். இல்லை என்பதே உண்மையான விடையாயிற்று.

பின்னர் முதலியார் கொடுத்த பிரதியைக் கொண்டு சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியபோது, அதுவரை பயின்ற முறை அவருக்கு முழுமையாகக் கைகொடுக்கவில்லை. அந்நூலின் ஒரு பகுதியான நாமகள் இலம்பகம் மட்டும் 1868இல் பவர் பாதிரியாரால் அச்சிடப்பட்டிருந்தது. எஞ்சியவை ஏட்டளவில் இருந்தன. பாடஞ்சொல்வோர் கிட்டவில்லை. சைன சமயக் கோட்பாடுகள் அவருக்குப் புதியவை. உரையாசிரியர் நச்சினார்க்கினியரோ நூற்பெயர் சுட்டாமலே பற்பல மேற்கோள்களை எடுத்தாண்டிருந்தார். அவை எந்நூலின் அடிகள் என்பதே தெரியாத நிலை.

புராணங்களிலும் பிரபந்தங்களிலும் தேர்ந்த ஒருவர், இருபத்தைந்து வயதில், கல்லூரி ஆசிரியர் பதவியில் அமர்ந்திருக்கும்போது, தமக்குத் தமிழின் பெரும்பகுதி தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்விடத்தில் இரு வழிகள் இருந்தன. அறிந்ததுபோல் காட்டிக்கொள்வது ஒன்று. அறியாததைப் பட்டியலிடத் தொடங்குவது மற்றொன்று. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் திருப்பம் என நாம் போற்றுவது, நெருங்கி நோக்கின், இந்த ஒப்புதலேயாகும்.

5. ஐயங்களைப் பிரித்தறிதல்

சிந்தாமணிப் பதிப்புப் பணியைக் கூர்ந்து நோக்கின், உ.வே.சா. எதிர்கொண்ட ஐயங்கள் நால்வகைப்படும் என்பதும், ஒவ்வொன்றுக்கும் அவர் வெவ்வேறு இடத்தில் விடை தேடினார் என்பதும் புலனாகின்றன. இப்பகுப்பு இக்கட்டுரையாளரது, அவர் தம் முறையை இவ்வாறு பெயரிட்டு வகுத்தாரல்லர்.

முதலாவது, பாட ஐயம். ஓர் ஏட்டில் இருப்பது நூலாசிரியரின் சொல்லா, ஏடெழுதியவரின் பிழையா என்பது. இதற்கு விடை பிற ஏடுகளில் உள்ளது. ஆகவே அவர் பல ஊர்களிலிருந்து பிரதிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கினார். வேறுபாடுகளைப் பிரதிபேதங்களாகப் பதிவு செய்தார். பொருந்தாததுபோல் தோன்றும் சொல்லைத் தம் புலமையால் மாற்றிவிடும் ஆற்றல் செய்யுளியற்ற வல்லவரான அவருக்கு உண்டு. அவ்வாற்றலை அடக்கியாண்டமையே பதிப்பாசிரியராக அவர் பெற்ற முதல் வெற்றி.

இரண்டாவது, பொருள் ஐயம். சைனக் கலைச்சொற்களுக்கும் கோட்பாடுகளுக்கும் நிகண்டு போதாது. அச்சமயத்தை வாழ்க்கையாகக் கொண்டவர்களே சான்று. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களை அவர் அணுகினார். அவர்கள் சிந்தாமணியைச் சமயநூலாகப் போற்றிப் படித்துவந்தமையைக் கண்டார். அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். பின்னர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோதும் இதே நெறியைக் கையாண்டார். பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த நூல்களைத் தாம் நேரடியாகப் பயன்படுத்த இயலாமையால், கும்பகோணம் கல்லூரியில் உடனிருந்த இரங்காசாரியாரின் துணையை நாடினார். அறியாத மொழி ஆய்வுக்குத் தடையாகவில்லை. அறிந்தவரை அணுகத் தயங்குவதே தடையாகியிருக்கும்.

மூன்றாவது, மேற்கோள் ஐயம். நச்சினார்க்கினியர் காட்டும் அடிகளின் மூலம் யாது என்பது. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் சங்க நூல்களைக் கண்டபோது, உரையில் பெயரின்றிக் கிடந்த அடிகள் பல அவற்றுள் இருப்பதை உணர்ந்தார். ஒரு நூலைப் புரிந்துகொள்ளும் முயற்சியே அவரை மற்றத் தொகுதியிடம் கொண்டுசேர்த்தது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) எனத் தொடர்ந்த பதிப்புகள் ஒரு வகையில் இவ்வையத்தின் விளைவுகளே. அடிக்குறிப்பைத் துரத்திச் செல்பவர் புதிய நூல்களை அடைவர் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தமிழில் அரிது.

நான்காவது, வழக்கு ஐயம். ஏட்டிலும் நிகண்டிலும் விளக்கம் பெறாத சில தொடர்கள் மக்கள் வாழ்க்கையோடு பிணைந்தவை. ‘இடையன் எறிந்த மரம்’ என்னும் தொடர் பற்றி அவர் எழுதிய கட்டுரை இதற்கு எடுத்துக்காட்டு. ஆடுகளுக்குத் தழை எட்டும்படி, ஆயர் கிளையை முற்றும் அறுத்து வீழ்த்தாது, மரத்தோடு ஒட்டித் தொங்குமாறு வெட்டுவர். அது செத்தும் சாகாமலும் நிற்கும். புலவர்களிடம் கிட்டாத இவ்விளக்கம் பொதுமக்கள் வழக்கிலிருந்து கிடைத்தது. கள ஆய்வு என இன்று நாம் வழங்கும் ஒன்றின் தேவையை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இந்நால்வகையிலும் பொதுவாகக் காணப்படுவது யாது? அவர் யாரையும் சார்ந்திராமல் இயங்கினார் என்பதன்று. உண்மையில் முன்னையினும் மிகுதியானோரை அவர் சார்ந்திருந்தார்: மடத்துத் தலைவர், முன்சீப்பு, சைன வணிகர், உடன்பணியாற்றிய பேராசிரியர், ஊர் மக்கள். மாறியது ஒன்றே. முன்பு ஆசிரியர் வினாவையும் விடையையும் தந்தார். இப்போது வினா அவருடையதாயிற்று. எதனை, யாரிடம், எப்போது கேட்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தற்சார்பு என்பதன் பொருள் இதுவே.

6. இன்றைய ஆய்வாளருக்கு: பழுவூரிலிருந்து ஒரு மாதிரி

இந்நெறியை இன்று எவ்வாறு கைக்கொள்வது என்பதை அரியலூர் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பழுவேட்டரையர் என்னும் பெயரைக் கேட்டவுடன், 1950–1954 காலத்தில் கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தின் இரு பாத்திரங்களே பலர் நினைவுக்கு வருவர். ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் ‘பழுவேட்டரையர் வரலாறு: ஓர் ஆய்வு’ எனத் தலைப்பிட்டு எழுதத் தொடங்குவார் எனக் கொள்வோம். அது பொருள், வினா அன்று. வினா இல்லாத இடத்தில் கட்டுரை தொகுப்பாகவே முடியும்.

கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கோயில்களில் பழுவேட்டரையர் மரபினரைக் குறிக்கும் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மறவன் கண்டன் என்றும் கண்டன் மறவன் என்றும் பெயர்கள் வருகின்றன. தந்தை பெயரை முன்னும் தன்பெயரைப் பின்னும் வைக்கும் மரபின்படி, முன்னவர் மறவனின் மகனாகிய கண்டன். பின்னவர் கண்டனின் மகனாகிய மறவன். இவ்விடத்தில் ஓர் ஐயம் எழவேண்டும். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கால் இதே பெயர்கள் தலைமுறைதோறும் மாறிமாறி வரக்கூடும் அல்லவா? அவ்வாறாயின், பெயரமைப்பை மட்டும் கொண்டு தலைமுறை வரிசையை நிறுவ இயலுமா?

இதுதான் வினா. இவ்வினா பிறந்தவுடன் தேடவேண்டியவை தாமே வரிசைப்படுகின்றன. கல்வெட்டுகளின் ஆட்சியாண்டு வேண்டும். ஆனால் சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் புனைந்தனர். மன்னன் இயற்பெயரின்றி இப்பட்டம் மட்டும் உள்ள கல்வெட்டு எவன் காலத்தது என்பது மீண்டும் ஓர் ஐயம். அதற்கு எழுத்தமைதியும், உடன்வரும் அலுவலர் பெயர்களும், கட்டடக் கலைக்கூறுகளும் தேவைப்படும். முதற் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்த செய்தியை அன்பில் செப்பேடு தருகிறது. அதனை எவ்வரிசையில் பொருத்துவது என்பது அடுத்த ஐயம். சம்பந்தர் பதிகம் பெற்ற பழுவூர் அதற்கும் முந்திய அடுக்கு. இவ்வாறு ஒரு சிறு வினா இலக்கியம், கல்வெட்டு, செப்பேடு, கலை என நான்கு துறைகளைத் தொடுகிறது.

இவ்வாய்வுக்கு முதலில் வேண்டியது பெருநூலகம் அன்று. கோயிலுக்கு நேரிற் சென்று கல்லைப் பார்த்தல். அடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அச்சான பாடத்தோடு அதனை ஒப்பிடுதல். மூன்றாவதாக, முன்னையோர் செய்த ஆய்வுகளைப் படித்து, அவர்கள் எங்கு ஒன்றுபடுகின்றனர், எங்கு வேறுபடுகின்றனர் எனக் குறித்தல். பெரும்பாலான புதிய ஆய்வாளர் மூன்றாவதிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றனர். முதன்மைச் சான்றைத் தம் கண்ணால் காணாதவர்க்குப் பிறர் முரண்பாட்டில் எது சரி எனத் தீர்ப்பளிக்கும் உரிமை பிறப்பதில்லை.

7. ஐயக்குறிப்பேடு

ஆய்வாளர் தம் கைப்பழக்கமாகக் கொள்ளத்தக்க எளிய கருவி ஒன்றை இவண் முன்மொழியலாம். ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வகுத்துக்கொள்க. முதற்பத்தியில் ஐயம் எழுந்த இடம்: நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம் அல்லது கல்வெட்டு எண். இரண்டாவதில் ஐயம், ஒரே வினாவாக. மூன்றாவதில் விடை தேடிய இடங்கள், கேட்ட ஆட்கள், நாட்கள். நான்காவதில் பெற்ற விடையும் அதன் உறுதியளவும்: உறுதி, ஏற்கத்தக்கது, தீரவில்லை.

மூன்றாம் பத்தியில் பயன்தராது போன தேடல்களையும் விடாது எழுதுதல் வேண்டும். நான்காம் பத்தியில் ‘தீரவில்லை’ எனக் குறிப்பதற்கு நாணுதல் கூடாது. ஆறு திங்கள் இக்குறிப்பேட்டைப் பேணிய ஒருவர் அதனைப் புரட்டினால், ஒன்றோடொன்று தொடர்புடைய ஐயங்கள் ஓரிடத்தில் திரண்டு நிற்பதைக் காண்பார். அத்திரட்சியே அவரது கட்டுரைப் பொருள். நெறியாளரிடம் தலைப்புக் கேட்டுச் செல்லும் நிலையும், தம் வினாவோடு செல்லும் நிலையும் வேறு. பின்னதில் நெறியாளரின் நேரமும் புலமையும் உரிய பயன் பெறுகின்றன.

பதிப்பைக் குறித்தல் பற்றித் தனியே ஒரு சொல். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், மதுரைத் திட்டம், முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் ஷோத்கங்கா தளம் ஆகியவை, தொலைவிலுள்ள மாணவர்க்கு முன்னெப்போதும் இல்லாத வாய்ப்பை வழங்கியுள்ளன. ஆயினும் சொல்தேடலில் கிட்டிய ஓரடி, பாடலன்று. அப்பாடலின் முன்பின் அடிகள், கூற்று, துறை, உரை ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தபின்னரே அது சான்றாகும். மின்பாடம் எந்த அச்சுப்பதிப்பை அடியொற்றியது என அறிந்து, இயன்றவரை அப்பதிப்பின் படிமத்தோடு ஒப்பிட வேண்டும்.

8. எழுதுதலும் ஆய்வறமும்

குறிப்பெடுக்கும்போதே மூவகைச் சொற்களை வேறுபடுத்துதல் இன்றியமையாதது: பிறர் சொல், பிறர் கருத்துக்குத் தம் சொல், தம் கருத்து. மூன்றும் ஒரே மையில் கலந்துவிட்டால், ஓராண்டு கழித்து எழுத அமரும்போது எது எவருடையது என ஆய்வாளருக்கே தெரியாது போகும். கருத்துத் திருட்டுகளில் ஒரு பகுதி தீய எண்ணத்தால் அன்றி இக்குழப்பத்தால் நேர்வன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஒப்புமை அளவை 10, 40, 60 விழுக்காடு என்னும் எல்லைகளால் வகைப்படுத்தித் தண்டனைகளை வரையறுக்கின்றன. உரிய முறையில் ஆசிரியர் பெயர் சுட்டிய மேற்கோள்கள் அக்கணக்கில் சேரா. இவ்வெண்கள் குறைந்தபட்ச வேலி. ஆய்வறத்தின் அளவுகோல் அல்ல. மென்பொருள் சொல்லொப்புமையை அளக்கும். சொற்களை மாற்றிக் கருத்தைக் கவர்ந்துகொண்டால் அது வாளாவிருக்கும். பிறர் கட்டுரையில் கண்ட மேற்கோளை, மூலநூலைத் திறவாமலே, தாம் மூலத்தில் கண்டதுபோல் காட்டுவதையும் அது பிடிக்காது. அண்மைக்காலச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத நூலுக்கும் பக்க எண் தரவல்லவை. அவற்றின் விடையை ஐயக்குறிப்பேட்டின் இரண்டாம் பத்தியில் வைக்கலாம். நான்காம் பத்தியில் வைத்தல் தகாது. இவ்விடங்களில் ஆய்வாளரின் மனச்சான்றே காவல்.

எழுத்தின் அமைப்பு ஐயத்தின் வரலாற்றை ஒட்டியிருத்தல் நன்று. வினா யாது, அது ஏன் எழுந்தது, முன்னையோர் கூறியது யாது, அதில் எஞ்சிய இடம் எது, தாம் கண்ட சான்றுகள் எவை, அவற்றுக்கு மாறான சான்றுகள் எவை, எவ்வளவு தூரம் துணிய இயலும் என்னும் வரிசை அது. மாறான சான்றை மறைத்த கட்டுரை அடுத்த ஆய்வாளர் கையில் வீழும். அதனைத் தாமே எடுத்துக்காட்டித் தம் முடிவின் எல்லையை வகுத்த கட்டுரை, முடிவு திருத்தப்பட்ட பின்னும் பயன்படும். பழுவேட்டரையர் எடுத்துக்காட்டில், பெயரமைப்பு மட்டும் போதாது என நிறுவி அங்கேயே நின்றாலும் அது நிறைவான கட்டுரையே. முழு மரபுவழிப் பட்டியலைத் தந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

முதல் எழுத்து முடிவான எழுத்தன்று என்பதற்கும் உ.வே.சா.வே சான்று. 1887இல் வெளியிட்ட சிந்தாமணியை அவர் 1907இல் இரண்டாம் பதிப்பாகத் திருத்தி வெளியிட்டார். இடையிலுள்ள இருபதாண்டுகளில் சங்க நூல்களையும் இரட்டைக் காப்பியங்களையும் பதிப்பித்துப் பெற்ற அறிவு, முதற்பதிப்புக்கு மீளத் துணைசெய்தது.

9. ஒரு மறுப்பும் விடையும்

உ.வே.சா.வை மாதிரியாகக் கொள்வது பொருந்துமா என ஒருவர் வினவலாம். பல்லாண்டுக் குருகுலக் கல்வியும், ஆதீனத்தின் ஆதரவும், கல்லூரிப் பதவியும் அவருக்கு வாய்த்தன. இன்றைய மாணவர்க்கு அவை இல்லை. பகுதிநேரப் பணியும் குடும்பச் சுமையும் உண்டு. மேலும், எல்லார்க்கும் எல்லா இடங்களிலும் நுழைவுரிமை இல்லாதிருந்த காலம் அது. சுவடிச் சாலைகளின் கதவுகள் அவருக்குத் திறந்ததுபோல் பிறர்க்கும் திறந்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை. இம்மறுப்பு வலிமையுடையது, அவர் வாழ்வை எல்லார்க்கும் உரிய வெற்றிக்கதையாக்குவதை அது தடுக்கிறது.

எனினும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது அவரது வாய்ப்புகள் அல்ல, பழக்கம். அன்று ஓர் ஏட்டுக்காக ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. இன்று அதன் படிமம் கைபேசியில் கிட்டக்கூடும். அன்று பிறப்பும் தொடர்பும் திறந்த கதவுகளுட் பலவற்றை இன்று பொது நூலகமும் மின்னூலகமும் திறந்துள்ளன. எஞ்சியிருப்பது, சொல் விடாமல் படிக்கும் பொறுமையும், அறியேன் எனச் சொல்லும் துணிவுமே. முன்னதை அரியலூர், குன்னம், செங்கணம் ஆகிய ஊர்களின் ஆசிரியர்கள் அவருக்கு ஊட்டினர். பின்னதை அவர் தாமே கற்றார். துறைகளில் வாரம் ஒருமுறை ஒரு மூலநூலையோ ஒரு கல்வெட்டையோ கூடிப் படிக்கும் சிறு வட்டம் அமைந்தால், பழைய பாடங்கேட்டலின் நன்மையைப் பணச்செலவின்றி மீட்டுக்கொள்ள இயலும்.

10. முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படுவன வருமாறு:

பாடங்கேட்டல் மரபு நூற்பயிற்சியை வழங்கியது. ஆசிரியரில்லாத நூலை எதிர்கொண்டபோதே உ.வே.சா.வின் ஆய்வு வாழ்வு தொடங்கியது.

பாடம், பொருள், மேற்கோள், வழக்கு என ஐயங்களைப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றை நாடியமையே அவர் கண்ட முறையின் உயிர்நாடி.

தற்சார்பு ஆய்வு என்பது தனிமை அன்று. வினாவுக்குத் தாமே பொறுப்பேற்றல்.

அப்பொறுப்பை ஐயக்குறிப்பேடு போன்ற எளிய கருவிகளாலும், முதன்மைச் சான்றை நேரிற் காண்பதாலும், கூடிப் படிப்பதாலும் எவ்வூர் மாணவரும் பயின்று பெறலாம்.

ஆய்வியல் நிறைஞர் பட்டம் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பப் புதிய பாடநெறிகள் வகுக்கப்படலாம். அவை வருமுன்னரே ஆய்வாளர் தொடங்கத்தக்க பணி ஒன்று உண்டு. இன்று படித்த பக்கத்தில் தமக்கு விளங்காத ஒன்றை, இடம் சுட்டி, ஒரே வினாவாக எழுதிவைத்தலே அது.